இடப்பக்கம் ஒரு பிடி

வாயை அடக்கத் தெரியாத ஆள் நான். அன்று பீன்யா தொழிற்சாலையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, மகள் வனிதாவின் பாறையேற்றப் போட்டிக்கு ஓடினேன். பெங்களூர் ஸ்டேடியத்தில் செயற்கைச் சுவர், இறுதிச் சுற்று.

"வழி சொல்லிக் கத்தினா உங்க பொண்ணு அவுட், சார்" என்று நடுவர் எச்சரித்தார்.

உச்சிக்கு அருகே சுவர் துருத்திக்கொண்டிருந்தது. அதன் விளிம்புக்கு மேல், இடப்பக்கம் ஒரு மஞ்சள் பிடி. தள்ளி நின்ற எனக்குத் தெரிந்தது. சுவரோடு ஒட்டியிருந்த அவளுக்குத் தெரியவில்லை. அவள் கை வலப்பக்கமே துழாவியது. கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டேன்.

விழுந்தாள். கயிறு தாங்கியது.

இறங்கி வந்ததும் கேட்டாள்: "அங்க வேற பிடியே இல்லல்லப்பா?"

இப்போது என்னைத் தடுக்க எந்த விதியும் இல்லை.

"இல்லம்மா" என்றேன்.