டீச்சருக்கு நான் வாசிக்காமல் விட்ட வரி

ஊரில் யாரும் இறந்த மௌத்துச் செய்திகளை இதுவரை யாராவது சொல்லித்தான் நான் அறிந்திருக்கிறேன். நஸீமா டீச்சர் வஃபாத்தான செய்தியைக் கரைத்தீவுப் பள்ளிவாசல் பலகையில் நானே வாசித்தேன். பெயரை இரண்டு தரம் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். பிழையில்லை. எனக்கு எழுத்துக்கூட்டப் பழக்கியதே அவர்தான்.

முதியோர் வகுப்பில் என்னோடு இருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். எழுபது வயதில் முதல் எழுத்தை எழுதச் சொன்னபோது நான் பென்சிலைத் தொடவில்லை. அண்ணன் முறை வைத்து என்னை நானா என்றுதான் கூப்பிடுவார். "வலையில கிழிசல் பொத்துற கைதானே நானா, எழுத்துக்குப் பயப்படலாமா?" என்று கேட்டார்.

கடைசி ஆண்டில் புற்றுநோய் மருந்துகளோடு அவருக்குக் கண்ணும் மங்கியது. ஞாயிறுதோறும் பத்திரிகையின் விஞ்ஞானப் பக்கத்தை வாசித்துக்காட்ட என்னைக் கூப்பிட்டார். அவர் வீட்டிலேயே நன்றாக வாசிக்கும் மகள் இருந்தாள். "இவள் வாசிச்சா பஸ்ஸில போற மாதிரி. நீங்க வாசிச்சா நடந்து போற மாதிரி, எல்லாத்தையும் பார்க்கலாம்" என்றார்.

ஒரு ஞாயிறு அந்தப் பக்கத்தில் புற்றுநோய் பற்றிய செய்தி. ஆய்வுகூடத்தில் செய்த பஞ்சு போன்ற ஒரு துண்டைக் கட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறார்களாம். பிறக்கும்போதே உடம்பில் இருக்கும் காவல் கலங்கள், அதாவது செல்கள், அதற்குள் வந்து கூடி, விழித்துக்கொண்டு, கட்டியைத் தாக்குமாம்.

"இவ்வளவு நாளும் காவல்காரன் தூங்கினானா டீச்சர்?"

"தூங்கல்ல. புற்று நம்மட உடம்பிலயே பிறந்தது. வீட்டாள்தானே எண்டு விட்டிட்டான்."

"பஞ்சை வச்சா மட்டும் ஏன் வாறான்?"

"களப்பில கண்டல் மரக் கொப்பைக் கட்டிப் போட்டா மீன் ஏன் வருது?"

"ஒளிக்க வரும். பாசி தின்ன வரும்."

"இதிலயும் அவனைக் கூப்பிட ஒரு மருந்து இரிக்கி. கிருமியிட அடையாளமும் வச்சிரிக்காங்க. பார்த்ததும் கோபம் வந்து புற்றை அடிக்க வெளியேறுவான்."

ஐம்பது வருடம் கடலோரக் களப்பில் கொப்புப் போட்டு மீன் பிடித்தவன் நான். மனித உடம்புக்குள்ளும் போடலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. சந்தோசத்தோடு அடுத்த வரிக்குப் போனேன். 'இது இதுவரை எலிகளில் மட்டுமே சோதிக்கப்பட்டுள்ளது' என்றிருந்தது. டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். "விரைவில் ஆஸ்பத்திரிகளுக்கு வரும்" என்று வாசித்தேன்.

டீச்சர் சிரித்தார். "நானா, எழுத்துக்கூட்டாம நீங்க வாசிச்ச முதல் வரி இது. அப்ப அது கடதாசியில இல்ல. இரிக்கிறதை வாசிங்க."

எழுத்துக்கூட்டி வாசித்தேன். எலிகளில் என்ற சொல்லுக்கு நெடுநேரம் எடுத்தது.

"எலி பிழைச்சதா?"

தேடிப் பார்த்தேன். "பல எலிகள் பிழைத்தன எண்டு போட்டிரிக்கி."

"அல்ஹம்துலில்லாஹ். எனக்கு முந்தி எலிக்காவது கிடைச்சதே" என்றார். பிறகு, "எனக்காக ஒரு வரியையும் விடாதீங்க நானா. நான் அறிய ஆசைப்படுறன், ஆறுதலுக்கு இல்ல" என்றார். அதற்குப் பிறகு எட்டு ஞாயிறுகள் வாசித்தேன். ஒரு வரியையும் விடவில்லை.

அந்தக் கடதாசி என்னிடம் இருக்கிறது. ஞாயிறுதோறும் விஞ்ஞானப் பக்கத்தை இப்போதும் வாசிக்கிறேன், சத்தமாக. எலிகளில் என்றிருந்த இடத்தில் மனிதரில் என்று வரும் நாளைப் பார்த்துக் காத்திருக்கிறேன். அன்றும் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன்.