அடுக்களைக்குள்ளே யார்?

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று என் வீட்டுக்காரி ரோஸ் சொல்லுவாள். வரத்தான் செய்யும். இருபது வருடம் டப்பிங் தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டினவனுக்கு வராமல் பின்னே யாருக்கு வரும்? ஒரு நடிகர் 'சரி' என்ற ஒற்றைச் சொல்லை முப்பது தடவை சொல்லிப் பார்ப்பார். முப்பது தடவையும் நான் படத்தை ஓட்ட வேண்டும். அப்படிப்பட்ட என்னை ஆறு வருடம் வாய் பிளந்து பார்க்க வைத்தவள் ஒருத்தி உண்டு. அவள் பெயர் உலகம்மாள். எங்கள் தியேட்டர் கேன்டீனில் சமையல் செய்தவள்.

ஆலங்குளம் பக்கத்திலிருந்து புருஷன் சொரிமுத்துவோடு திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவள். அவன் டீ மாஸ்டர், இவள் அடுப்படி. கறுப்பாய், குட்டையாய், எப்போதும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பாள். அவளைப் பார்த்தால் சினிமாவுக்கும் அவளுக்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தக் காலத்தில் கேரளத்தில் பாதிப் பேர் அவளுடைய குரலைப் பேசிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூற்று இரண்டில் ஒரு மலையாளச் சிரிப்புப் படம் எங்களிடம் டப்பிங்குக்கு வந்தது. சசாங்கன் என்று ஒரு கிளார்க். அவனும் இரண்டு கூட்டாளிகளும் லீவு போட்டுவிட்டு ஏதாவது ஒரு கிறுக்குத் தொழில் தொடங்கி மூக்கு உடைபடுவார்கள். கதை முழுக்க ஆம்பிளைகள்தான். சசாங்கனுக்கு ஒரு பெண்டாட்டி, தங்கலட்சுமி. தமிழ் கலந்த மலையாளம் பேசுகிற தமிழ்க்காரி. ஆனால் அவள் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து கோட்டை கட்டுவார்கள். அடுக்களைக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்து அந்தக் கோட்டையை இடிக்கும். அவ்வளவுதான் அவள் வேஷம்.

அந்தக் குரலுக்கு நாலு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார் டைரக்டர். எல்லாம் தேன் மாதிரி குரல்கள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது, சொரிமுத்து உள்ளே பார்த்து, "டீத்தூளை எங்கட்டி வச்ச?" என்று கேட்டான்.

"ஒம்ம மூக்குக்கு நேரேதான் இருக்கு. அது என்ன, வாயைத் தொறந்து 'அத்தான், நான் இங்க இருக்கேன்'னு சொல்லணுமா?" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

டைரக்டர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். படம் வெளியானது. ஜனங்கள் சசாங்கனை மறந்துவிட்டு, 'அடுக்களைக்குள்ளே யார்?' என்று கேட்கத் தொடங்கினார்கள். பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள், பஸ்ஸில் கேட்டார்கள். டைரக்டர் கெட்டிக்காரர். உலகம்மாளைப் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குக் கூட்டிப்போய், தேங்காயை உடைக்கச் சொல்லி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். "தங்கலட்சுமி என்றைக்குப் புறத்தே வருகிறாளோ, அன்றைக்கு உன் பெயரும் திரையில் வரும்" என்று அவரும் ஒரு தேங்காய் உடைத்தார். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், எனக்குச் சத்தியம் செய்யத் தேங்காய் வேண்டாம். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் படம், மூன்றாம் படம் என்று வந்தன. சாலைக் கடைத்தெருவில் காய்கறி வாங்கும்போது பக்கத்தில் நிற்கிற பெண் தங்கலட்சுமி மாதிரிப் பேசிக் காட்டுவாளாம். இவள் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம். "நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு அண்ணாச்சி, 'ஏ மூதி, அது நாந்தான்'னு கத்தணும் போல வரும்" என்று என்னிடம் வந்து சொல்லுவாள். சொரிமுத்துவையும் என்னையும் விட்டால் வேறு யாரிடம் சொல்ல முடியும்?

அவள் வேலை செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். டப்பிங்கில் படத்துண்டின் இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கிவிடுவோம். லூப் என்று பெயர். அது சுற்றிச் சுற்றி ஓடும். எல்லோரும் திரையில் உதட்டைப் பார்த்துப் பேசுவார்கள். உலகம்மாள் திரையைப் பார்க்கவே மாட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து தேங்காய் துருவுவாள். பெரிய நடிகர்கள் முன்னமே பேசி முடித்திருப்பார்கள். அவர்கள் குரல் இவள் காதில் போட்ட ஹெட்போனில் கேட்கும். சரியான இடத்தில் இவள் ஒரு வார்த்தை விடுவாள். ஒரே டேக். எப்படி இவளுக்கு இப்படி வாய்க்கிறது என்று நான் மேலே புரொஜெக்டர் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்திருக்கிறேன். பிடிபட்டதே இல்லை.

தொண்ணூற்று எட்டில் அந்த நாள் வந்தது. நாலாவது படத்தில் சசாங்கன் ஓரம்; தங்கலட்சுமிதான் நாயகி. படத்தின் பெயரே 'தங்கலட்சுமி'. அவள் அடுக்களையை விட்டு வந்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஆம்பிளைகள் கெடுத்த தொழிலை எல்லாம் நடத்திக் காட்டுகிறாள். முகத்துக்கு ரெனி என்று ஒரு நடிகை. குரலுக்கு உலகம்மாள். புதுச் சேலை உடுத்திக்கொண்டு வந்தாள் பாவம்.

முதல் லூப்பிலேயே தப்பிப் போனது. திரையில் ரெனியின் உதடு முடிந்த பிறகு இவள் தொடங்குகிறாள். அடுத்த தடவை உதடு திறக்கும் முன்னே பேசி முடித்துவிட்டாள். ஆறு வருடம் உதடே இல்லாத ஒருத்திக்குக் குரல் கொடுத்தவள்! அது யாருக்கும் அதுவரை உறைக்கவே இல்லை. மூன்று நாள் இதே கதை. நாலாம் நாள் காலையில் வெளியே சோபாவில் சுஜா என்ற டப்பிங் ஆர்ட்டிஸ்ட் வந்து உட்கார்ந்துவிட்டாள். நல்ல பெண், குற்றம் சொல்ல முடியாது. பிளாஸ்க்கில் தொண்டைக்குச் சுக்குத் தண்ணியும் கொண்டுவந்திருந்தாள். இன்று மாலைக்குள் சரியாகவில்லை என்றால் சுஜாதான் என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

உலகம்மாள் படியேறி என் அறைக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது. "படம் கையை விட்டுப் போனாப் போவட்டும் அண்ணாச்சி. ஆனா இந்தப் படத்துல அந்தப் பிள்ளை பேசிட்டுன்னா, முந்தின மூணுலயும் பேசினது அதுதான்னு ஜனங்க நெனைக்கும். பெறவு நான் எந்தத் தெருவுல நின்னு கத்தினாலும் எவன் நம்புவான்?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

அந்த எரிச்சலோடுதான் அடுத்த லூப்பை மாட்டினேன். பத்துத் தடவை ஓடி, பதினோராவது சுற்றில் அறுந்தது. அறையிலிருந்து கீழே பேசுகிற மைக்கை அழுத்திக் கத்தினேன்: "உலகம்மா! இன்னும் எத்தற தடவை சுத்துகதுக்கு? பிலிம் தேஞ்சு போச்சு, கேட்டியா?"

"தேஞ்சா தேயட்டும்! ஒம்ம தலைமுடி தேஞ்சப்ப நான் கேட்டனா?"

சவுண்ட் இன்ஜினியர் அழகியநம்பி சட்டென்று தலையைத் தூக்கினார். ஸ்ரீவராகம் அக்கிரகாரத்து ஆள். அதிகம் பேச மாட்டார். டைரக்டரிடம், "கேட்டேளா? அவ பேசறவ இல்லே, பதில் சொல்றவ. போன மூணு படத்திலேயும் ஆம்பிளைகள் கொரலைக் காதிலே போட்டோம். இந்தத் தடவை அவாள்லாம் அடுத்த வாரம்தான் வரப்போறா. ஷூட்டிங்லே பிடிச்ச சத்தத்தைப் போடலாம்னா, அதிலே ஜெனரேட்டர்தான் பேசறது. கேள்வியே இல்லாம பதிலைக் கேட்டா அவ எங்கே போவா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஓய் சுவாமிதாஸ், நீர்தான் இனிமே சசாங்கன். அவ காதிலே பேசும்" என்றார்.

ஆறு வருடமாக ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தும் எனக்குப் பிடிபடாததை மனுஷர் ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார். வெட்கமாக இருந்தது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நான் மைக்கில் சசாங்கன் மாதிரி டீ கேட்டேன்: "எடீ, சாய எவிடே?" அவள் திரையைப் பார்த்தபடியே பதிலை வீசினாள். உதட்டில் போய் உட்கார்ந்தது. மூன்று மணிக்குள் பதினெட்டு லூப் முடித்தோம். சொரிமுத்து டீயைக் கொண்டுவந்துவிட்டு அதைக் கொடுக்க மறந்து நின்றான்.

மிச்சம் இருந்தது கடைசிக் காட்சி. அங்கேதான் வந்தது வினை. ஆம்பிளைகள் மூன்று பேரும் அடுக்களையில் பாத்திரம் கழுவுகிறார்கள், சத்தம் இல்லை. தங்கலட்சுமி வாசலில் வந்து நின்று நேரே நம்மைப் பார்த்துப் பேசுகிறாள். ஒரு நிமிடம், ஒரே ஷாட். கேட்க ஆள் இல்லை. நான் என்ன எடுத்துக் கொடுப்பது? ஏதோ கேட்டுப் பார்த்தேன். "சும்மா இரும் அண்ணாச்சி, கதைக்கு ஒட்டாததைக் கேட்டா எனக்குச் சிரிப்புதான் வருது" என்றாள். மணி ஐந்தாகப் போகிறது. வெளியே சுஜா பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்துக்கொண்டாள்.

உலகம்மாள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "சத்தமில்லாம அஞ்சாறு தடவை ஓட்டும்" என்றாள். ஓட்டினேன். கைகட்டி நின்று பார்த்தாள். பிறகு அண்ணாந்து என் ஜன்னலைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இவ யாரைப் பாத்துப் பேசுதா?"

"கேமராவை."

"கேமரா பெட்டிதானே. அதுக்கு அப்புறம் யாரு இருக்கா?"

"தியேட்டர்ல படம் பாக்குத ஜனங்க. வேற ஆரு?"

அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். பிறகு மெல்லச் சிரித்தாள். "அவங்கதானே ஆறு வருசமா 'அடுக்களைக்குள்ள யாரு, அடுக்களைக்குள்ள யாரு'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க? கேள்வி இல்லன்னு யாருவே சொன்னது? போடும் லூப்பை."

போட்டேன். ரெனியின் உதடு அசைந்தது. கீழேயிருந்து அவள் குரல் வந்தது: "ஞான் தன்னே. அடுக்களையில் இருந்நது ஞான் தன்னே." நான்தான், உள்ளே இருந்தது நான்தான் என்ற அந்த வசனத்தை டைரக்டர் தங்கலட்சுமிக்குத்தான் எழுதினார். ஆனால் அன்று அதைச் சொன்னவள் உலகம்மாள். ஒரு நிமிடமும் ஒரே மூச்சில் போனது. அழகியநம்பி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். டைரக்டர் வெளியே போய் சுஜாவை வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பெண் உள்ளே வந்து உலகம்மாளின் கையைப் பிடித்துவிட்டுத்தான் போனாள்.

முதல் நாள் மேட்டினிக்கு நாங்கள் நாலு பேர் போனோம்: அவள், சொரிமுத்து, நான், ரோஸ். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. கடைசிக் காட்சி முடிந்ததும் திரை கறுத்து, வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. 'தங்கலட்சுமியின் குரல்: உலகம்மாள்.' அவளுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. ரோஸ்தான் காதில் சொன்னாள்.

விளக்குப் போட்டார்கள். பின் வரிசையில் மீசைக்காரர் ஒருவர் பக்கத்து ஆளிடம் சத்தமாகவே கேட்டார், "ஆரடே ஈ உலகம்மாள்?"

நான் திரும்பிப் பார்க்கும் முன்னே அவள் திரும்பிவிட்டாள்.

"ஞான் தன்னே" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் மூன்று வரிசையில் ஒருவரும் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.