சின்னதம்பி கேட்காமல் விட்ட பேர்

பழவேற்காட்டில் யாரையாவது நிறுத்தி ஊர்க்கதை கேட்டுப் பாருங்கள். கை நேரே கோட்டைப் பக்கம்தான் நீளும். ஒல்லாந்தர் கட்டிய கோட்டை, ஒல்லாந்தர் வெட்டிய அகழி, ஒல்லாந்தர் கல்லறை. கல்லறைக் கல்லில் பேர், ஊர், பிறந்த நாள், செத்த நாள் என்று ஒன்று விடாமல் வெட்டி வைத்திருக்கிறார்கள். நல்லது, இருக்கட்டும். அகழிக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை மணலில் குடிசை போட்டுக் கிடந்தார்களே, அவர்களுக்கு ஒரு செங்கல் உண்டா? கிடையாது. நான் அவர்கள் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த இடத்துக்கு நின்னார் மேடு என்று பேர். அங்கே குடியிருந்தவர்களில் ஒருத்தர்கூட அங்கே பிறந்தவர் இல்லை. எல்லாரும் வெளியூரிலிருந்து ஒரு கேள்வியைச் சுமந்து வந்தவர்கள். பதில் கிடைத்த பிறகும் ஊர் திரும்பக் கால் எழும்பாமல் அங்கேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொன்னவன் ஒரு படகோட்டி. சின்னதம்பி என்று பேர்.

சின்னதம்பி கோட்டைக்குப்பத்து ஆள். சலங்குக்குத் தண்டல், அதாவது படகுக்குத் தலைவன், துடுப்பு பிடித்துத் திசை திருப்புகிறவன். சலங்கு என்பது ஆணியே அடிக்காமல், பலகைக்குப் பலகை தென்னங்கயிற்றால் தைத்த பெரிய படகு. கப்பல் கரைக்கு வராது. முகத்துவாரத்துக்கு வெளியே ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் மூன்று வரிசை அலை. ஒல்லாந்தரின் சொந்தப் படகு அதில் மாட்டினால் சுக்குநூறாகிவிடும். சலங்கு மட்டும் வளைந்து கொடுத்துத் தாண்டும். துணிக்கட்டானாலும் சரி, துரைசானியானாலும் சரி, சின்னதம்பி கையை நம்பித்தான் அலை தாண்ட வேண்டும். பீரங்கி வைத்திருந்தவர்களுக்கும் அந்த மூன்று அலைக்குள் அவன் வைத்ததுதான் சட்டம்.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் அலைக்கு முன்னால் படகை நிறுத்துவார்கள். புது ஆள் யார் ஏறியிருந்தாலும் தண்டல் அவர் முகத்தைப் பார்த்து, “ஊர் இன்னா, பேர் இன்னா?” என்று கேட்க வேண்டும். அவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். அப்புறம்தான் துடுப்பு விழும். கடல் ஒருத்தரை எடுத்துக்கொண்டால் கரையில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பால் ஊற்ற வேண்டாமா? பேர் தெரியாமல் போனவருக்கு யார் எப்படி அழுவது? துரைகள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே பேரைச் சொல்வார்கள். அலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு யார் வம்பு பண்ணுவார்கள்?

சின்னதம்பி அந்தப் பேர்களை, அவரவர் படகில் உட்கார்ந்த பலகையை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வான். முதல் பலகை, ஏரிப் பக்கம், இன்னார். மூன்றாம் பலகை, கடல் பக்கம், இன்னார். பத்து வருஷத்துக்கு முன்னால் ஏறிய சமையல்காரனைக் கேட்டாலும் எந்தப் பலகை என்று சொல்வான். அவன் மனைவி லோகாம்பாளுக்கு இது பெரிய கேலி. “உப்பு வாங்கினு வான்னா மறந்துட்டு வரும். ஒல்லாந்தன் பேரு மட்டும் ஒண்ணு விடாம நிக்கும்” என்பாள்.

அடுத்தடுத்து இரண்டு ஐப்பசி பொய்த்தது. திருப்பாலைவனம் பக்கத்து வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. விதைநெல்லையும் தின்றுவிட்ட சம்சாரிகள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் தரகர்கள் வந்துவிட்டார்கள். அரிசியைக் கொடுத்து ஆளை வாங்கினார்கள். புருஷனை, பெண்டாட்டியை, பிள்ளையை. வாங்கியவர்களைக் கோட்டைக்கு வெளியே ஒரு கொட்டகையில் அடைத்து வைத்தார்கள். கடலுக்கு அப்பால் பத்தாவி என்று ஓர் ஊராம், அங்கே வேலைக்காம். யார் பார்த்தார்கள்?

அவர்களைக் கப்பலுக்குக் கொண்டுபோனது சின்னதம்பியின் சலங்கு. இதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஏரியில் மீன் இல்லை, குப்பத்திலும் பசி, நடைக்கு இத்தனை படி அரிசி என்று கூலி. அவன் துடுப்பைப் பிடித்தான். ஆனால் முதல் அலைக்கு முன்னால் படகை நிறுத்தினான். ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, “ஊர் இன்னா, பேர் இன்னா?” என்று கேட்டான். காவலுக்கு வந்தவன் கத்தினான். “அலை உன்னுதா, என்னுதா?” என்று சின்னதம்பி திருப்பிக் கேட்டான். காவல்காரன் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் கப்பலில் அறுபத்து மூன்று பேர். அத்தனை பேரும் சொன்னார்கள். சொல்லும்போது சில பேர் நிமிர்ந்து உட்கார்ந்ததை அவன் பார்த்தான்.

கொஞ்ச நாளில் தேடிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கோட்டை வாசலில் நின்றால் விரட்டினார்கள். யாரோ சின்னதம்பியைக் காட்டினார்கள். “எங்க நைனா போனாரா?” “என் தம்பி போனானா?” அவன் கண்ணை மூடிப் பலகை பலகையாகப் போய்வந்து சொல்வான். “போனாரு. ரெண்டாம் பலகை. கப்பல் ஏணியில கால் வச்சு ஏறினதை நான் பார்த்தேன்.” கேட்டவர்கள் மணலில் உட்கார்ந்து அழுவார்கள். அழுது முடித்தபின் சில பேர் எழுந்து போக மாட்டார்கள். போன கப்பல் திரும்பி வரும் அல்லவா? பனையோலை வெட்டி நாலு குச்சி நட்டுக்கொண்டார்கள். ஏரி ஓரத்துச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்தார்கள். எங்கிருந்து வந்த கூட்டம் இது என்று குப்பத்துக்காரர்கள் முதலில் முறைத்தார்கள். பிறகு, முழங்கால் தண்ணீர் வரைக்கும் அவர்களுக்கு என்று விட்டுக்கொடுத்தார்கள். இப்படித்தான் நின்னார் மேடு உண்டாயிற்று.

மூன்றாவது கப்பலுக்கு ஆள் ஏற்றிய போது ஒரு நடையில் ஒரு குழந்தை இருந்தது. நாலு வயசிருக்கும். பேர் கேட்டதற்குச் சொல்லிவிட்டு, கேட்ட ஆள் தன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டது. “நைனா” என்று, பெற்ற அப்பனைக் கூப்பிடுவது போல, அவன் காலைக் கட்டிக்கொண்டது. சின்னதம்பிக்கும் லோகாம்பாளுக்கும் பிள்ளை கிடையாது. அந்தச் சொல்லை அவனிடம் யாரும் சொன்னதில்லை. கப்பல் ஏணியில் அந்தக் கையைப் பிரித்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

கரைக்கு வந்தால் கொட்டகையிலிருந்து இன்னும் இருபத்திரண்டு பேரைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். சின்னதம்பி ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அலையையே பார்த்துக்கொண்டு நின்றான். முதல் அலை வந்தது. “போடு” என்றான்.

துடுப்பு விழவில்லை. முன் துடுப்புக்காரன் வரதன் திரும்பிப் பார்த்தான். “கேக்கலியா, மாமா?”

“கேக்கல. போடுடா.”

போட்டார்கள். படகு தாண்டியது. அன்று கடல் குளம் மாதிரி கிடந்தது. இருபத்திரண்டு பேரும் பத்திரமாக ஏணி ஏறினார்கள். ஒன்றும் ஆகவில்லை பார், என்று சின்னதம்பி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இரண்டு மாசம் கழித்துத் திருப்பாலைவனத்திலிருந்து மணியம்மாள் வந்தாள். அவள் சுண்ணாம்புக்குளத்துக்குத் தானியம் தேடிப் போயிருந்த நேரத்தில், அவள் புருஷன் மகளைத் தரகனிடம் கொடுத்துவிட்டான். திரும்பி வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னவன், அதற்குப் பிறகு சோறும் தின்னவில்லை, தலையும் தூக்கவில்லை. பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தான். அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு அவள் நேரே இங்கே வந்தாள்.

“எம் பொண்ணு பேரு குணசுந்தரி. ஒம்பது வயசு. இடது புருவத்துல தழும்பு இருக்கும். போனாளாண்ணா?”

சின்னதம்பி கண்ணை மூடினான். முதல் பலகையிலிருந்து கடைசிப் பலகை வரை, மூன்று கப்பலுக்கும் போய்வந்தான். குணசுந்தரி இல்லை. அந்த ஒரு நடை மட்டும் வெறும் பலகையாகக் கிடந்தது. அதில் உட்கார்ந்திருந்தாளா? இல்லை, கொட்டகையில் காய்ச்சல் கண்டு செத்தவர்களை மணலில் புதைத்தார்களே, அதில் ஒருத்தியா?

“நாளைக்கு வாம்மா” என்றான்.

அவள் மேட்டிலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டு அடுத்த நாள் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். அழவே இல்லை. பக்கத்துக் குடிசை முத்தம்மாள், “அழுது தீர்த்துடு தாயி” என்று சொன்னதற்கு, “உசுரோட இருக்கிறவளுக்கு எதுக்கு அழணும்? செத்துட்டாள்னா சொல்லட்டும், அப்ப அழறேன்” என்றாள். அழவும் வழியில்லை, காத்திருக்கவும் வழியில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லக்கூடியவன் உலகத்தில் இவன் ஒருத்தன்தான்.

லோகாம்பாள் அவனைப் பிடித்துக்கொண்டாள். “இந்தா, போனாள்னு சொல்லிடேன். அந்த ஒரு வார்த்தையைப் புடிச்சுனு அவ பொழச்சுப்பா. உனக்கு இன்னா நட்டம்?”

சின்னதம்பி அப்படித்தான் நினைத்துக்கொண்டு பதினோராம் நாள் காலையில் மேட்டுக்குப் போனான். எல்லாரும் இறால் கூடையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மணியம்மாள் வந்து எதிரில் நின்றாள். “போனா” என்று சொல்ல வாயைத் திறந்தான். அவள் எந்தப் பலகை என்று கேட்பாள். இவன் ஒரு பலகையைச் சொல்வான். அதற்குப் பிறகு முன்னால் சொன்ன அத்தனை பலகையும் பொய்யாகிவிடும். சுற்றி நின்றவர்களையெல்லாம் பார்த்தான். அவன் சொல்லை வைத்துத்தான் அவர்கள் குடிசை போட்டிருந்தார்கள்.

“எனக்குத் தெரியாதும்மா. ஒரு நடை நான் கேக்கல” என்றான்.

அவனே தொடர்ந்து சொன்னான். “இருவத்திரண்டு பேரு. ஒருத்தர் மூஞ்சியையும் பார்க்கல. என்னால முடியல.”

“ஒரு வார்த்தைதானேண்ணா” என்றாள் மணியம்மாள். சத்தம் போடவில்லை. “சும்மா கேட்டிருக்கலாமே.” அப்படியே திரும்பிக் குடிசைக்குள் போய்விட்டாள். மற்றவர்கள் சும்மா விடவில்லை. தேடி வந்தும் பேர் கிடைக்காதவர்கள் இன்னும் ஐந்தாறு பேர் அங்கே இருந்தார்கள். அதுவரைக்கும் தங்கள் ஆள் கப்பலே ஏறவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள். ஒருத்தி இரண்டு கையாலும் மண்ணை வாரி அவன்மேல் தூற்றினாள். அவன் தட்டிக்கூட விடவில்லை.

அன்றே துடுப்பை வரதன் கையில் கொடுத்துவிட்டான். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னான். “கேக்காம தாண்டாதே.” குப்பத்து வீட்டை விட்டுவிட்டு மேட்டின் கோடியில் ஒரு குடிசை போட்டான். லோகாம்பாள், “பைத்தியக்கார மனுசன், பைத்தியக்கார மனுசன்” என்று திட்டிக்கொண்டே சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

பத்தொன்பது வருஷம் அவன் அங்கே இருந்தான். ஆள் ஏற்றும் நாளெல்லாம் படகுத்துறையில் நின்று கேட்பான். காவல்காரர்கள் தள்ளுவார்கள், அடித்தும் இருக்கிறார்கள். விழுந்த இடத்திலிருந்தே “ஊர் இன்னா, பேர் இன்னா?” என்பான். படகிலிருந்து பதில் வரும். திரும்பி வரும் கப்பலில் யார் இறங்கினாலும், “குணசுந்தரின்னு ஒரு பொண்ணு, திருப்பாலைவனம், புருவத்துல தழும்பு, பார்த்தீங்களா?” என்று கேட்பான். ஒரு தடவை ஒரு மாலுமி, “ஓ, பார்த்தேனே! புருவத்தில் தழும்பு” என்றான். “எந்தப் புருவம்?” “வலது.” சின்னதம்பி நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டான். மணியம்மாளிடம் அதைக் கொண்டுபோகவில்லை.

மணியம்மாள் நாலு குடிசை தள்ளி இருந்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. இறால் பிடித்தாள், விற்றாள், கப்பல் வந்தால் கரையில் நின்றாள். யாராவது புதிதாக வந்து அவனிடம் கேட்டு, அவன் பலகை சொல்லும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுவிட்டுப் போவாள்.

ஒரு பங்குனியில் சின்னதம்பிக்குக் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் மத்தியானம் மூச்சு இழுக்கத் தொடங்கியது. மேட்டு ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். வரதனும் துடுப்பைப் போட்டது போட்டபடி ஓடிவந்தான். லோகாம்பாள் சின்னதம்பியின் தலையை மடியில் வைத்திருந்தாள். உயிர் போகாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. அவன் எதற்கோ நிற்கிறான் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மணியம்மாள் உள்ளே வந்தாள். தலையெல்லாம் நரைத்திருந்தது. கையில் இன்னும் சேறு இருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, குனிந்து, நேராக முகத்தைப் பார்த்தாள்.

“ஊர் இன்னா, பேர் இன்னா?” என்று கேட்டாள்.

லோகாம்பாள் விம்மிவிட்டாள். அவன் கண்ணைத் திறந்தான்.

“சின்னதம்பி.”

“ஊரு?”

கோட்டைக்குப்பம் என்பான் என்று வரதன் நினைத்தான். சின்னதம்பி “நின்னார் மேடு” என்றான்.

மணியம்மாள் தலையை ஆட்டினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அத்தனை வருஷத்தில் அதை யாரும் பார்த்ததில்லை. சேற்றுக் கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

“கேட்டுட்டேன். நீ போலாம்” என்றாள். எழுந்திருக்கப் போனவள் மறுபடி குனிந்தாள். “போற எடத்துல அவ இருந்தாலும் இருப்பா. பார்த்தீன்னா, அவ பேரைக் கேளுண்ணா.”

“கேக்கறேம்மா” என்றான் சின்னதம்பி.