ஒத்திகைக் கட்டில்

அரூர்ச் சாலையோரம் இருக்கும் அந்த அரசு மருத்துவமனையில் ஆண்டுக்கொரு முறை மாதம்மாள் நோயாளியாவாள். மற்ற நாள்களில் அவள் தரை துடைப்பவள்.

பெருந்தொற்று மீண்டும் வந்தால் மூச்சுத் திணறி வருவோரை எப்படி ஏற்பது, எத்தனை விரைவில் ஆக்சிஜன் கொடுப்பது என்று ஊழியர்களைப் பழக்கும் ஒத்திகை அது. மாவட்டத்திலிருந்து அதிகாரி வந்து பார்வையிடுவார். முதலாண்டில் நோயாளியாகக் கிடக்க ஒருவரும் இசையவில்லை. நலமாயிருப்பவர் நோய்க்கட்டிலில் வலியப் போய்ப் படுத்தால் நோயைத் தாமே வீட்டுக்கு அழைத்ததாகும் என்று அஞ்சினார்கள். "எனக்குப் புருசன் புள்ளைங்க இருக்காங்க, என்னால ஆவாதுங்க" என்று ஒவ்வொருத்தியும் நழுவ, எல்லார் கண்ணும் மாதம்மாள்மேல் வந்து நின்றது. தாலியை இழந்தவளுக்கு இனி என்ன கேடு வந்துவிடும் என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அவள் இசைந்ததற்குக் காரணம் வேறு. பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் அவள் கணவன் சென்றாயன் இதே மருத்துவமனை வாசலில், கட்டில் கிடைக்காமல், ஆட்டோவுக்குள்ளேயே மூச்சடங்கிப் போனான். ஒத்திகையிலோ வண்டி நின்றதும் கதவு திறக்கும்; நால்வர் ஓடிவருவர்; விரித்த கட்டில் காத்திருக்கும்; முகத்தில் மாஸ்க் வந்து அமரும். இனி வாசலில் ஒருவரும் சாகமாட்டார் என்று அவள் நம்பினாள். சந்நிதியில் கண்மூடி நிற்பவளைப்போல் அந்தக் கட்டிலில் கிடந்தாள். கணவன் சாவுக்கு அவள் கண்ட ஒரே பொருள் அந்த நம்பிக்கைதான்.

மாஸ்க்கில் காற்று வராது. "சும்மா படுக்கறவளுக்கு எதுக்கு ஆக்சிஜன்? வீணாப் போவும்" என்று செவிலியர் நிர்மலாதேவி சுவரிலுள்ள ஆக்சிஜன் குழாயின் திருகைத் திறக்கமாட்டார். தன் மூச்சே சூடாகத் திரும்பி முகத்தில் அறையும். மாதம்மாள் தாளாமல் மாஸ்க்கை இழுப்பாள்.

"அப்படித்தான் மாதம்மா! நீ சினிமாவுக்குப் போயிருக்கணும்" என்று சிரித்தபடி நிர்மலாதேவி அதை அழுத்திப் பிடிப்பார்.

சென்ற ஆண்டு ஒத்திகையின் நடுவே மெய்யாகவே ஒருவர் வந்துவிட்டார். மொரப்பூர்ப் பக்கத்து உழவர் கருப்பண்ணன். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. தாங்கிவந்த மகளை வாசற்காவலர் மறித்தார்.

"உள்ள மாக் டிரில் நடக்குதும்மா. ஆபீசர் போவட்டும், கொஞ்சம் இரு."

"எங்கப்பனுக்கு மூச்சு வரலீங்கண்ணா!"

அந்தக் குரல் கட்டில்வரை கேட்டது. அதே வாசலில் தான் ஒருநாள் கதறிய கதறல்தான் அது. ஆக்சிஜன் இணைப்புள்ள கட்டில்களில் நோயாளி இல்லாதது அவள் கிடந்தது ஒன்றுதான். மாதம்மாள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு இறங்கினாள்.

"அவர இங்க கொண்டாங்க. நான் எந்திரிச்சிட்டேன்."

கருப்பண்ணனைக் கிடத்தினார்கள். நிர்மலாதேவியின் கைகள் விரைந்தன. மாஸ்க் அமர்ந்தது, நாடா இறுகியது. அதிகாரி தலையசைத்துப் பாராட்டினார். கருப்பண்ணன் மாஸ்க்கை இழுத்தார்.

"எடுக்கக் கூடாதுங்க பெரியவரே" என்று நிர்மலாதேவி அழுத்திப் பிடித்தார். அவர் மறுபடியும் இழுத்தார். இவர் மறுபடியும் அழுத்தினார்.

அந்த இழுப்பை மாதம்மாளின் உடம்பு அறியும். ஆயினும், மெய்யான நோயாளிக்குத் திறக்காமலா இருப்பார்கள் என்று வாளா நின்றாள். அவர் கால்கள் துவண்ட பிறகே சுவரைப் பார்த்தாள்.

"சிஸ்டர், திருகு மூடியிருக்குதுங்க!"

நிர்மலாதேவியின் முகம் வெளுத்தது. பாய்ந்து திறந்தார், காற்று சீறியது. ஆண்டுதோறும் பழகியதைத்தான் அந்தக் கைகள் சிறிதும் பிசகாமல் செய்திருந்தன.

பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியில் கருப்பண்ணன் இறந்தார். அந்தத் தாமதத்தால் இறந்தாரா, எப்படியும் இறந்திருப்பாரா என்று யாராலும் சொல்ல இயலாது. யாரும் கேட்கவுமில்லை. காரியம் முடிந்ததும் மகள் தேடிவந்து மாதம்மாளின் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

"எங்கப்பனுக்கு எந்திரிச்சு எடம் குடுத்தீங்களேக்கா. நீங்க நல்லா இருக்கணும்."

மாதம்மாளுக்கு அந்த வாழ்த்து தீயாய்ச் சுட்டது.

இவ்வாண்டு அவள் படுக்க மறுத்தாள். "காத்தத் தொறந்து வைங்க, படுக்கறேன். மூடி வெச்சு மூடி வெச்சுத்தான சிஸ்டர் உங்க கை பழகிப்போச்சு?"

"ரொம்பப் பேசாத. உன்ன வுட்டா எங்களுக்கு ஆளு இல்லையா?" என்றார் நிர்மலாதேவி, அவள் முகத்தைப் பாராமலே.

ஆள் இருந்தது. துணி துவைக்கப் புதிதாய்ச் சேர்ந்திருந்த செல்லி. அவளும் கணவனை இழந்தவள். வண்டி நின்றது, நால்வர் ஓடினர், மாஸ்க் அமர்ந்தது. செல்லி திணறினாள். வாளியும் கையுமாய் நின்றிருந்த மாதம்மாள் சுவரருகே சென்று திருகைத் திறந்துவிட்டாள். முகத்தில் குளிர்காற்று பட்டதும் செல்லியின் விழிகள் விரிந்தன.

சீறல் கேட்டு அதிகாரி திரும்பினார். "யாரு தொறந்தது? பேஷண்டே இல்லையே! வீணாப் போவுது பாருங்க, மூடுங்க."

நிர்மலாதேவியின் கை திருகின்மேல் சற்றே நின்றது. பிறகு மூடியது.