ஒரு சாண் உள்ளே

பந்து சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் உள்ளே, சேற்றில் கிடந்தது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. கோல்கீப்பரான நான் குப்புற விழுந்து கிடந்தேன். பந்துக்கும் என் மூக்குக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. எனக்கு முன்னால் நாலைந்து பேர் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து மைதானத்தையே மறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மைதானத்துக் கோல் கம்பங்களுக்கு வலை கிடையாது. ஊரெல்லாம் வலை, கோலுக்கு மட்டும் வலை இல்லை என்று வெளியூரிலிருந்து ஆட வருகிறவர்கள் கேலி செய்வதுண்டு. வலது கையை நீட்டிப் பந்தை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியவில்லை.

இது எழுபதுகளின் நடுவில். எனக்கு இருபத்து மூன்று வயது. தூத்துக்குடியில் அப்போது மற்றக் குழுக்கள் எத்தனை இருந்தாலும் ஆட்டம் என்றால் இரண்டு பேருக்கு இடையில்தான். ஒன்று கடற்கரைக் குழு. தோணியில் போகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், சங்கு குளிக்கிறவர்கள் எல்லாம் அதில். முத்துக் குளிப்பு நின்றுபோய்ப் பல வருடமாகியும் சங்கு குளிப்பு நடந்துகொண்டிருந்தது. அவர்களுடைய கேப்டனே நல்ல குளியாள். மூச்சடக்கிப் பழகிய நெஞ்சு. தொண்ணூறாவது நிமிடத்திலும் முதல் நிமிடத்தில் ஓடியதைப் போலவே ஓடுவார். இன்னொன்று எங்கள் துறைமுகக் குழு. புதுத் துறைமுகம் வந்தபோது வேலைக்கென்று உள்நாட்டுப் பக்கமிருந்து வந்து சேர்ந்தவர்கள். நான் நாசரேத் பக்கத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் பந்து பிடிப்பேன் என்பதற்காகவே எனக்கு டாலி கிளார்க் வேலை கிடைத்தது. கப்பலில் ஏறுகிற, இறங்குகிற மூட்டைகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் வேலை. கண்ணால் கண்டதை எழுது, காணாததை எழுதாதே என்று சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்தார்கள்.

இரண்டு குழுக்களும் மோதும் வாரத்தில் ஊர் ஊராக இருக்காது. டீக்கடை பெஞ்சுகள் பிரிந்துவிடும். மீன் வாங்கப் போகும் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் கடற்கரைப் பெண்கள் விலை சொல்ல மாட்டார்கள். "ஒங்க கோலிதான் நல்லாப் பிடிப்பானே, கடல்ல எறங்கிப் பிடிக்கச் சொல்லுங்க" என்பார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் விசில் ஊத ஒருவரால்தான் முடிந்தது. அவரை ஊரில் எல்லோரும் ரெப்ரி அண்ணாச்சி என்பார்கள்.

ஐம்பதை நெருங்கிய மனிதர். கடற்கரைச் சாலையில் கயிற்றுக் கடை வைத்திருந்தார். பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாகக் கடற்கரைக்காரர்களுக்குக் கயிறும் தாரும் கப்பியும் விற்கிற குடும்பம். எங்கள் பக்கத்து ஆள், வியாபாரமோ அவர்கள் பக்கம். அதனால் இரண்டு பேரும் அவரை ஏற்றுக்கொண்டார்கள். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. தனக்குச் சரியாகத் தெரியாத ஒன்று நடந்துவிட்டால், சம்பந்தப்பட்ட ஆட்டக்காரனிடமே போய்க் கேட்பார். "கையில பட்டுதாலே?" என்று கேட்டால், பட்டிருந்தால் பட்டது என்று சொல்லிவிடுவார்கள். சட்டத்தில் அப்படி இல்லை என்று வெளியூர் ரெப்ரிகள் சிரித்திருக்கிறார்கள். ஆனால் அவரிடம் யாரும் பொய் சொன்னதில்லை. சொல்லத் தோன்றாது. அது பயமில்லை. நம்மை ஒரு பொருட்டாக மதித்துக் கேட்கிறாரே என்கிற கூச்சம்.

அன்று இறுதி ஆட்டம். நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். முடிய ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது கடற்கரைக் கேப்டன் அடித்த பந்து அது. அண்ணாச்சி பாதி மைதானத்தில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடி வந்தார். கடற்கரைப் பக்கம் எல்லோரும் "கோல், கோல்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கோட்டருகே நின்றிருக்க வேண்டிய கொடிக்காரர் மழைக்கு ஒதுங்கியவர் திரும்பி வந்திருக்கவில்லை. அண்ணாச்சி என் முன்னால் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார்.

"உள்ள போச்சாலே?"

"போகல அண்ணாச்சி."

அவர் மறுபடி கேட்கவில்லை. நிமிர்ந்து, ஆட்டம் தொடரட்டும் என்று கையைக் காட்டினார். நாங்கள் ஜெயித்தோம்.

அந்த வாரம் முழுக்க என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். எங்கள் குழுவின் செகரட்டரி என் வேலையை நிரந்தரமாக்க எழுதி அனுப்பியிருப்பதாகச் சொன்னார். எனக்கோ உட்கார முடியவில்லை. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். கப்பல் அணையும் மேடையில் நின்று மூட்டைகளுக்குக் கோடு போடும்போது கணக்கு தவறி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளங்கள் வழியாகக் காரணமில்லாமல் போய்க்கொண்டே இருப்பேன். மழைக்கு உப்பளமெல்லாம் வெறும் தண்ணீராகக் கிடக்கும். எங்கே திரும்புவது என்று தெரியாமல் சக்கரம் தானாக நிற்கும் இடத்தில் இறங்கி நிற்பேன்.

ஒருநாள் இரவு வேலை முடிந்து அப்படிச் சுற்றிவிட்டுக் கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பும்போதுதான் அண்ணாச்சியின் கடையைப் பார்த்தேன். காலைப் பத்து மணி. தோணிகளுக்குச் சாமான் வாங்க ஆட்கள் நெருக்கியடிக்கிற நேரம். கடையில் ஒருவர்கூட இல்லை. கயிற்றுச் சுருள்கள் கூரை வரைக்கும் அடுக்கியபடி இருக்க, அண்ணாச்சி வாசலில் நின்று சாலையின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன். "தெரியாதா ஒமக்கு? அவரு தன் ஆளுகளுக்கு ஊதிட்டாருன்னு கடற்கரைல முடிவு கட்டிட்டாவ. ஒரு பய கயிறு வாங்க வரக்கூடாதுன்னு கேப்டன் சொல்லிட்டாராம்" என்றார்.

செகரட்டரியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "ஏலே, உனக்கு வேலை வேணுமா வேண்டாமா? ரெப்ரி ஊதினது ஊதினதுதான். வாய மூடிக்கிட்டு இரு. ரெண்டு மாசத்துல எல்லாம் மறந்துருவானுவ" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகக்கூட எனக்குப் பட்டது. இன்னும் இரண்டு வாரம் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். தினமும் அந்தச் சாலை வழியாகவே போனேன், ஒரு ஆளாவது கடைக்குள் நிற்கிறானா என்று பார்க்க. ஒருவனும் நிற்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் கடைக்குள் ஏறிவிட்டேன். அண்ணாச்சி ஒரு சுருளைப் பிரித்துப் பாகம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கைகளையும் விரித்து அளந்தால் ஒரு பாகம். வாங்க ஆளில்லாத கயிற்றை எதற்கு அளந்தார் என்று தெரியவில்லை. சும்மா இருக்க முடியாமல் அளந்தார் போலிருக்கிறது.

"அண்ணாச்சி, அன்னைக்கு பந்து உள்ள போயிட்டு."

அவர் கைகள் விரிந்தபடி நின்றன. "எவ்வளவு?" என்றார்.

"ஒரு சாண் இருக்கும்."

"ஒரு சாண்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கயிற்றைக் கீழே வைத்தார். அவர் என்னை மன்னித்துவிடுவார் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் முகத்தில் அது இல்லை.

"ஒன்கிட்ட நான் கேக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. என் கண்ணு என்ன சொல்லுதோ அத ஊதிட்டுப் போயிருக்கலாம். கேட்டேன். ஏன் கேட்டேன்? கேட்டா சொல்லுவான்னு கேட்டேன். இருவது வருசமா எல்லாவனும் சொன்னான்." குரல் உயரவில்லை. "இப்ப எதுக்கு வந்த? என்கிட்ட எறக்கி வச்சிட்டு நீ போய்ச் சாப்பிடலாம்னு பாக்கியா? அதுக்கு நான் ஆளில்ல. அங்கன, கடற்கரைல போய்ச் சொல்லு."

"வேல போயிரும் அண்ணாச்சி."

அவர் கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். என்னை அல்ல, அந்தச் சுருள்களை. நான் படியிறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிகிற நேரத்துக்குக் கடற்கரைக்குப் போனேன். மாதா கோயிலை ஒட்டி அவர்களுடைய மன்றம். கேரம் பலகை, சுவரில் சில மாலைகள், மூலையில் பந்துகள். என்னைக் கண்டதும் உள்ளே பேச்சு நின்றது. வாசலில் நின்றபடியே சொன்னேன். வரும்போது எவ்வளவோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்: "பந்து உள்ள போச்சு. நான்தான் இல்லன்னு சொன்னேன். அண்ணாச்சிக்குத் தெரியாது." ஒருவன் பாய்ந்து என் சட்டையைப் பிடித்தான். பொத்தான் தெறித்தது. கேப்டன் எழுந்து வந்து அவன் கையை எடுத்துவிட்டார்.

"உள்ள போனது எனக்குத் தெரியும்லே" என்றார். "அடிச்சவனுக்குத் தெரியாதா? நீ பொய் சொன்னதும் தெரியும். செயிக்கணும்னு பொய் சொல்லுதவன் ஒலகத்துல உண்டு. ஆனா அண்ணாச்சி தெரிஞ்சே ஊதிட்டாருன்னு நெனச்சேன் பாரு." அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். "அந்தக் கடைக்குப் போவாதியன்னு நான்தான் சொன்னேன்."

கப்பைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். "கப்பு கெடக்கட்டும்" என்றார் கேப்டன்.

மறுநாள் காலை அவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கயிற்றுக் கடைக்குப் போனார். நான் எதிர்ச் சாரியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேப்டன் படியில் ஏறாமல் கீழேயே நின்று, "அண்ணாச்சி, தப்பு எம்மேலதான்" என்றார். அண்ணாச்சி அவரைப் பார்க்காமலே, "கயிறு வாங்க வந்தா கயிற வாங்கு. எத்தன பாகம்?" என்றார். இருபது பாகம் என்றார் கேப்டன். அண்ணாச்சி அளந்தார். அளந்து முடித்துச் சுற்றிக் கொடுத்தார். அன்று மதியத்துக்குள் கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

செய்தி துறைமுகத்துக்கு வர ஒருநாள்கூட ஆகவில்லை. என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அந்த மாதத்தோடு வேலையும் போயிற்று. ஓர் உப்புக் கம்பெனி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, பிற்பாடு அங்கேயே ஓய்வு பெற்றேன். அதில் எனக்குக் குறையில்லை. துறைமுகத்துக்காரர்கள் சிலர் என்னைக் கண்டால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போவார்கள். கடற்கரைக்காரர்களும் என்னைக் கொண்டாடவில்லை. பொய்யன் என்ற பேரை, உண்மை சொன்னவன் என்ற பேர் அழித்துவிடாது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டுதான் இருந்தன.

மறு வருடம் இறுதி ஆட்டத்தில் மறுபடி அதே இரண்டு குழுக்கள். இரண்டு பக்கத்தாரும் போய்க் கூப்பிட்ட பிறகே அண்ணாச்சி விசிலைக் கையில் எடுத்தார். நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் கூட்டத்தோடு நின்றேன். அன்று அவர் ஓடியதைப் போல நான் பார்த்ததில்லை. பந்து போகிற இடமெல்லாம் அவரும் போனார். முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டி, பார்க்கவே பயமாக இருந்தது. ஆட்டக்காரர்கள் தகராறு செய்த மூன்று இடத்திலும் அவர் எவனிடமும் கேட்கவில்லை. விசிலை ஊதினார், கையைக் காட்டினார், திரும்பி ஓடினார்.

கடைசி நேரத்தில் எங்கள் பழைய குழுவின் கோல் முன்னால் ஒரு குவியல் விழுந்தது. என் இடத்துக்கு வந்திருந்த புதுக் கோல்கீப்பர் பந்தின் மேல் கிடந்தான். குவியல் மறைத்ததால் நான் நின்ற இடத்திலிருந்து கோடு தெரியவில்லை. அண்ணாச்சி ஓடி வந்து, கோட்டுக்கு நேராக மண்ணில் முழங்காலிட்டுத் தலையைத் தரையோடு வைத்துப் பார்த்தார். அந்தப் பையன் அவரைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே, "உள்ள போயிட்டு அண்ணாச்சி" என்றான். அவனுடைய ஆட்களே அவனைத் திட்டினார்கள்.

"ஒன்ன நான் கேக்கல" என்றார் அண்ணாச்சி.

பிறகு எழுந்து நின்று, முழங்காலில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல், கோல் என்று ஊதினார்.

அவர் தன் கண்ணால் பார்த்து ஊதினாரா, அந்தப் பையன் சொன்னதைக் கேட்டு ஊதினாரா? அதற்குப் பிறகு அவர் கடைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். கொடி கட்ட, கிணற்றுக்கு என்று காரணம் சொல்லிக் கயிறு வாங்கியிருக்கிறேன். பாகம் போட்டுக்கொண்டே உப்பு விலையை விசாரிப்பார், மழையைப் பற்றிப் பேசுவார். ஒவ்வொரு முறையும் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துத்தான் படியேறுவேன். கயிற்றோடு இறங்கி வந்துவிடுவேன். அவரும் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் பிரிக்காத சுருள்கள் கிடக்கின்றன. இத்தனை கயிறு எதற்கு என்று என் மனைவி கேட்கிறாள்.