ஸ்வால்பார்ட்: போக ஒரு நுழைவு, திரும்ப ஒரு நுழைவு

என் மனைவி ராஜமதி ஆரணியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் புவியியல் நடத்தினாள். போன வருடம் மே மாதம் ஓய்வு பெற இருந்தாள். ஓய்வுக்குப் பிறகு எங்கே போகலாம் என்று ஜனவரியிலேயே கேட்டேன். சமணத் தலமான சிரவணபெளகொளா என்பாள் என்று நினைத்தேன். "ராத்திரியில சூரியன பாக்கணுங்க" என்றாள். வருடாவருடம் ஒன்பதாம் வகுப்புக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டும் நள்ளிரவுச் சூரியனை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டுமாம்.

நான் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஆன்லைன் சேவை மையம் வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடமாக ஊராரின் பாஸ்போர்ட், ரயில் டிக்கெட், கல்லூரி விண்ணப்பம் எல்லாம் நிரப்பிக் கொடுப்பதுதான் பிழைப்பு. இந்த ஊரில் யாருடைய பிறந்த தேதியில் என்ன குழப்பம் என்பதுகூட எனக்கு அத்துப்படி. ஆகவே, "நீ துணிமணி மட்டும் பாரு, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றேன். இந்தக் கட்டுரையின் எல்லாத் தொல்லையும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்கியது.

முதலில் இடம்; அதை அவளே சொல்லிவிட்டாள். ஸ்வால்பார்ட் என்பது நார்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவில் இருக்கும் தீவுக்கூட்டம். அதில் மக்கள் வசிக்கும் முக்கிய ஊர் லாங்யர்பியன், எழுபத்தெட்டாவது அட்சரேகையில். ஏப்ரல் இருபது வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வரை அங்கே சூரியன் மறைவதில்லை. ஜூன் இருபத்தொன்றாம் தேதி புறப்படுவதாக முடிவு செய்து டிக்கெட் போட்டேன்.

அடுத்து விசா. இதை நிதானமாகப் படியுங்கள். ஸ்வால்பார்டுக்கு யாருக்கும் விசா தேவையில்லை. ஆனால் ஆஸ்லோ வழியாகத்தான் போக முடியும் என்பதால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். ஆஸ்லோவில் தீவு விமானம் ஏறும்போதே ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டதாகக் கணக்கு. ஊர் திரும்ப மறுபடி ஆஸ்லோவில் இறங்கினால் அது இரண்டாவது நுழைவு. எனவே படிவத்தில் இரண்டு நுழைவு என்ற கட்டத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏப்ரலில் சென்னை போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தோம்.

குளிர் உடைக்கு வருகிறேன். எங்கள் தெருவில் பட்டு வியாபாரம் செய்யும் குப்புசாமி விஷயத்தைக் கேட்டதும் ஓடி வந்தார். "அக்கா, குளுருக்குப் பட்டு மாதிரி எதுவும் வராதுங்க. உள்ள போட்டுக்கினா போதும். முள்ளிப்பட்டு ஊர்த் தறியில ஒரு பீஸ் நெய்யச் சொல்லட்டுமா?"

"புழுவக் கொன்னு எடுக்கறது, எனக்கு வேணாம் தம்பி" என்றாள் ராஜமதி. நாங்கள் சமணர்கள். நான் அப்படி இப்படி இருப்பேன்; அவள் பட்டு உடுத்தமாட்டாள், கிழங்கு வகை தொடமாட்டாள், சூரியன் மறைந்தபின் சாப்பிடமாட்டாள். இறகு அடைத்த ஜாக்கெட்டும் கூடாது என்றாள். செயற்கை இழை அடைத்த ஜாக்கெட் சென்னையில் ஒன்று 6,400 ரூபாய்க்குக் கிடைத்தது. ஐந்து டிகிரிக்கு அது தாராளமாகத் தாங்கியது.

மே மாதக் கடைசியில் பாஸ்போர்ட்டுகள் கூரியரில் வந்தன. விடைத்தாள் திருத்துகிற மாதிரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ராஜமதி விசாவைப் படித்தாள். "ஏங்க, நுழைவு ஒண்ணுன்னு போட்டுக்குது. நாம ரெண்டு வாட்டி உள்ள வரணும் இல்ல?"

"அவங்க தப்பா அடிச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். சேமித்து வைத்திருந்த படிவத்தைத் திறந்தேன். இரண்டு படிவத்திலும் ஒற்றை நுழைவுக் கட்டத்தில்தான் குறி இருந்தது. போட்டது என் கை. படிவம் நிரப்பிய அன்று கடையில் கல்லூரி விண்ணப்பக் கூட்டம். பழக்க தோஷத்தில் தட்டியிருக்கிறேன். வாசலில் ஒருவர் "சார், ஜல்தியா ஒரு பிரிண்டு" என்று கேட்டபோதுதான் நிமிர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னேன். "சரி, விடுங்க" என்றாள். மறுநாள் காலை வெம்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டுப் போய்விட்டாள். நான்கு நாள் போன் இல்லை. முப்பது வருட வாழ்க்கையில் அப்படி அவள் போனதில்லை.

திரும்பி வந்த அன்று மாற்று யோசனையோடு தயாராக இருந்தேன். நார்வேயின் கரையோரத் தீவுகளிலும் நள்ளிரவுச் சூரியன் தெரியும், இருக்கிற விசாவே போதும் என்றேன்.

"அது அறுபத்தெட்டாவது அட்சரேகை. நான் சொன்னது எழுபத்தெட்டு" என்றாள். பிறகு, "தப்பு யாருக்கும் வரும். என் விசா பாரத்த ஒரு தபா என்கிட்ட காட்டியிருந்தா நானே பாத்திருப்பேன். ஊருக்கெல்லாம் எழுதித் தரவரு, பொண்டாட்டிகிட்ட எதுக்குக் காட்டணும்னு இருந்துட்டீங்க" என்றாள்.

பழைய விசாவை ரத்து செய்யக் கேட்டு, முதலிலிருந்து விண்ணப்பித்தோம். இந்த முறை அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்தாள். கோடைக் கூட்டம் என்பதால் விண்ணப்பத்தை நேரில் கொடுக்க ஜூலையில்தான் தேதி கிடைத்தது. விசா ஆகஸ்ட் முதல் வாரம் வந்தது, இரண்டு நுழைவுகளோடு. டிக்கெட் மாற்றியதில் ஆளுக்குப் பதினோராயிரம் தண்டம். புறப்பட்டது ஆகஸ்ட் பதினெட்டு. தீவில் கால் வைக்கும்போது, மறையாத சூரியனுக்கு மிஞ்சியிருந்தது மூன்றே நாள்.

ஆரணியிலிருந்து சென்னை விமான நிலையம் சுமார் 130 கிலோமீட்டர், காரில் மூன்றரை மணி நேரம். அங்கிருந்து வளைகுடா வழியாக ஆஸ்லோ; நடுவில் காத்திருந்ததையும் சேர்த்துப் பதினாறு மணி நேரம். ஓர் இரவு தங்கி, மறுநாள் தீவு விமானம், மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆளுக்கு, போக வர, சென்னை–ஆஸ்லோ 78,000 ரூபாய், ஆஸ்லோ–தீவு 24,000. சமையலறை உள்ள அறையாக எடுங்கள். ஓட்டலில் அவளுக்கு ஏற்ற சாப்பாடு எதுவும் இல்லை. அரிசி, பருப்புப்பொடி, வற்றல், அப்பளம், சின்ன ரைஸ் குக்கர் கொண்டுபோனோம். நெய், பால்பொடி கொண்டுபோகாதீர்கள். நார்வே சுங்கத்தில் அனுமதி இல்லை.

விமான நிலையத்தில் எங்களை ஏற்றிக்கொண்ட டாக்சி ஓட்டுநர் தாய்லாந்துக்காரப் பெண்மணி. பதினான்கு வருடமாக அங்கே இருக்கிறாராம். அவர் பெயரைத் தமிழில் எழுதினால் 'நோய்' என்று வரும். அவர் மொழியில் 'சின்னவள்' என்று பொருளாம். ஊர் எல்லையைத் தாண்டித் துப்பாக்கியோ வழிகாட்டியோ இல்லாமல் போகக் கூடாது, பனிக்கரடி வரும் என்று ஆங்கிலத்தில் எச்சரித்தார். வானத்தைக் காட்டி, சூரியன் எங்கே என்று கேட்டாள் ராஜமதி. "அது இருக்கிறது. மேகமும் இருக்கிறது" என்றார்.

இரண்டரை நாள் மேகம் அசையவில்லை. இரவு பதினொரு மணிக்கும் சாம்பல் வெளிச்சம். திரைச்சீலையை இழுத்து மூடித்தான் தூங்கினோம். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கே சாப்பிட்டு முடித்துவிட்டாள். "இங்கதான் அஸ்தமனமே இல்லையே, பத்து மணிக்குக்கூட சாப்பிடலாமே" என்றேன். "அஸ்தமனம் இல்லன்னா நாள் பூரா சாப்பிட்டுகினே இருக்கணுமாங்க?" என்று தட்டைக் கழுவப் போனாள். வெம்பாக்கத்திலிருந்து வந்தபிறகு அவள் குரலில் சிரிப்பு எட்டிப்பார்த்தது அப்போதுதான்.

இருபத்திரண்டாம் தேதி மாலை ஏழரை மணிக்கு ஓட்டுநர் அம்மாவே போன் செய்தார். கடல் பக்கம் வானம் திறக்கிறது, உடனே வாருங்கள் என்றார். விமான நிலையத்துக்கு அருகே, கடலைப் பார்த்த ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தினார். எதிர்க்கரை மலைகளுக்கு மேலே, இடது பக்கம், சூரியன். மஞ்சளாக, உற்றுப் பார்க்க முடிகிற அளவு சாதுவாக இருந்தது.

வண்டிக்குள்ளும் வெளியிலுமாக நான்கு மணி நேரம் இருந்தோம். ராஜமதி கண்ணெடுக்கவில்லை. ஓட்டுநர் அம்மா பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தபோது கைகூப்பி மறுத்துவிட்டாள். சூரியன் இறங்கியது நாலு விரல்கடைதான். வலப்பக்கமாக நகர்ந்ததோ வெகு தூரம். பதினொன்றரை மணிக்கு ஒரு மலையுச்சியை உரசி, பாதி மறைந்து, கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளத்தில் மறுபடி முழுதாகத் தெரிந்தது.

"ஏங்க, நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேங்க" என்றாள் திடீரென்று. "மேலேருந்து எறங்கி, தரையத் தொட்டுட்டு, பந்து மாதிரி எகிறும்னு போர்டுல படம் போட்டுகினு இருந்தேன். இது பாருங்க, பக்கவாட்டுல நடந்துகினு போவுது. நம்மள சுத்தி வருது. இருபத்தெட்டு வருஷம்! எத்தன புள்ளைங்க!" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. குளிர்க்காற்றாகவும் இருக்கலாம். கையுறை போட்ட கையை என் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டாள். திரும்பும் வரை எடுக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. சூரியனுக்காகப் போவதென்றால் மே கடைசியிலிருந்து ஜூலைக்குள் போங்கள்; ஐந்து நாளாவது இருங்கள், மேகம் உங்களுக்காக விலகாது. பயணத்துக்கு ஐந்து மாதம் முன்பே விசா வேலையைத் தொடங்குங்கள். படிவத்தை யார் நிரப்பினாலும், யார் போகிறாரோ அவர் ஒருமுறை படிக்கட்டும்.

இப்போது என் கடையில் அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் திரையை எதிரே இருப்பவர் பக்கம் திருப்பி வைக்கிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். ஒரு விண்ணப்பத்துக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகிறது. "என்னங்க, பேஜாரா போச்சு" என்று வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். போன வாரம் ஒரு பெரியவர் நான் படிப்பதைக் கேட்டுக்கொண்டே வந்து, "நிறுத்துங்க, என் பொண்ணு பேரு அது இல்லீங்க" என்றார்.