வலப்பக்கத்துக் காவலர்

நான் ஒரு கல்லைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதுவும் சிவன் கோயில் கல்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு மேலூர்ப் பக்கம் என் மனைவியின் ஊருக்குப் போயிருந்தோம். அங்கே மலையைக் குடைந்த கோயில் ஒன்று உண்டு. லிங்கம், ஆவுடை, சுவரில் பிள்ளையார், எல்லாம் ஒரே பாறை. வாசலின் இரண்டு பக்கமும் துவாரபாலகர்கள். வலப்பக்கத்தவர் கதாயுதத்தின்மேல் கையை ஊன்றி, ஒரு காலை மாற்றிப் போட்டுச் சாய்ந்து நிற்பார்.

அவரைப் பார்த்ததும் இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன புள்ள சிரிக்கிற?" என்று அவள் அண்ணன் கேட்டார்.

"பாருண்ணே, அசல் நம்ம மாமன் மகன் மாதிரியே நிக்கிறாக."

"அட ஆமா! மீசைதான் குறைச்சல்" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "கோவிச்சுக்கிடாதீங்க மாப்ள. இவளக் கட்டிக்கிற மொத மொறை அவனுக்குத்தான் இருந்துச்சு. சாதகம் ஒத்து வரல. யோகம் உங்களுக்கு."

யோகம்தான். ஆனால் அந்தத் தோளும் மார்பும் எம்புட்டு அகலம்! நானோ மார்ச்சளிக்காரன். உள்ளே போய்க் கண்ணை மூடினேன். ஈசன் வரவில்லை, காவலர்தான் வந்து நின்றார்.

எங்கள் ஊர் அவனியாபுரத்துக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. காலையில் திருநீறு பூசிக் கண்ணை மூடினால் அதே தோள். மகன் பிறந்தான். முதல் முடி அந்தக் கோயிலில் இறக்குவதாக அவள் நேர்ந்திருந்தாள். "எப்பங்க போறது?" என்று கேட்கும்போதெல்லாம் மாட்டுக்குக் கால் சரியில்லை, கமலையில் தண்ணீர் இறைக்கிற வேலை கிடக்கிறது என்று தட்டிக் கழித்தேன். சாமி காரியத்தில் பொய் சொல்கிறோமே என்று உறுத்தும். அவள் அந்தக் கல்லை இன்னொரு முறை பார்த்துச் சிரிப்பாளே என்று நினைத்தால் உறுத்தல் அடங்கிவிடும். பிள்ளைக்கு முடி கண்ணை மறைக்க ஆரம்பித்தது.

அந்தத் தைப்பொங்கலுக்கு எங்கள் ஊர் சல்லிக்கட்டு பார்க்க மச்சான் வந்தார். கூட ஒருவர். குட்டை, முன்மண்டை வழுக்கை, சின்னத் தொந்தி. "இவன்தான் எங்க மாமன் மகன்" என்றார் மச்சான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவரைக் கண்டா இத்தனை நாள் பயந்தேன்!

"வாங்கண்ணே, உள்ள வாங்க" என்று வாய் நிறையக் கூப்பிட்டேன்.

"இருக்கட்டும் தம்பி. இங்கனயே நிக்கிறேன்."

மச்சான் உள்ளே போய்விட்டார். இவர் மட்டும் நிலைப்படிக்கு வெளியே கம்பை ஊன்றி, அதன்மேல் கையை வைத்து, ஒரு காலை மாற்றிப் போட்டுச் சாய்ந்து நின்றார். அந்தக் கல் காவலரேதான். அன்றைக்கு அவள் முகத்தைச் சொல்லவில்லை. நிற்பைச் சொல்லியிருக்கிறாள்.

"சொகமா இருக்காளா?" என்று கேட்டார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் கொடுத்த மோரை வாசலிலேயே குடித்துவிட்டுச் சொம்பை என் கையில் தந்தார்.

தோள் என்றால் எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை என்று விட்டிருப்பேன். இந்த நிற்பு வேறு. இவள் இன்னொருவர் மனைவியாக இருக்கிற வீட்டின் வாசலில் என்னால் அப்படி நிற்க முடியுமா? முன்னைவிட அதிகமாகப் பொறாமைப்பட்டேன். ஆனால் அந்த மனுசர் வாசலோடு நின்றிருக்க, உள்ளே இருக்கிற நான் சாமிக்கே பொய் சொல்லிக்கொண்டிருப்பது வெட்கமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமையே புறப்பட்டோம். மச்சான் மடியில் வைத்து மகனுக்கு முடி இறக்கியாயிற்று. வலப்பக்கக் காவலர் முன் நின்று கை கூப்பினேன்.

"ஏங்க, சாமி உள்ளல்ல இருக்கு? இங்க நின்னு யாரக் கும்பிடுறீக?" என்றாள்.

"உள்ள போக உத்தரவு கேட்டுக்கிட்டேன்" என்றேன்.

அன்றைக்குக் கண்ணை மூடியதும் ஈசன் வந்தார். ஆனாலும் திரும்பும்போது அவளை இடப்பக்கக் காவலர் ஓரமாகவே கூட்டிக்கொண்டு வந்தேன்.